அஞ்சு நட்சத்திரமும் ஒரு சிப்பிப்பாறையும்: இருபது மாதச் செயலி அனுபவம்

எங்கள் வீட்டு மணி சிப்பிப்பாறை சாதி நாய். சாம்பல் நிறம், நாலு வயது. என்னையும் என் மனைவியையும் தவிர உலகத்தில் யாரையும் மதிக்க மாட்டான். இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணம், காது குத்துக்குப் போய்வருவது பெரும்பாடு.

முன்பெல்லாம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி பார்த்துக்கொள்வார். 2023 டிசம்பர் 17 அன்று நாங்கள் ஒரு கல்யாணத்துக்காக மதுரையில் இருந்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழை. இங்கே திருநெல்வேலியில் தாமிரபரணி எங்கள் சிந்துபூந்துறைத் தெருவுக்குள் வந்துவிட்டது. ரயில் கிடையாது, ரோடு கிடையாது, போனும் போகவில்லை. அண்ணாச்சிதான் சுவரேறிக் குதித்து மணியை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், இரண்டு நாள் ரொட்டியும் பிஸ்கட்டும் போட்டு வைத்திருந்தார். அடுத்த சித்திரையில் அவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகன் இருக்கும் சென்னைக்குப் போய்விட்டார். எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆயிற்று.

அப்போது இறக்கியதுதான் இந்தச் செயலி. நாய், பூனை வளர்ப்பவர்களையும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆயத்தமாக இருப்பவர்களையும் சேர்த்து வைக்கிறது. பெயர் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன், அதோடு இதே மாதிரி நாலைந்து செயலிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான்.

முதல் நாளே சிரிப்பு வந்தது. நாயின் இனத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. லாப்ரடார் இருக்கிறது, ஷிட்சு இருக்கிறது, நான் கேள்விப்படாத நாலைந்து பனிநாட்டு நாய்கள் இருக்கின்றன. சிப்பிப்பாறை இல்லை, கன்னி இல்லை, கோம்பை இல்லை, ராஜபாளையம்கூட இல்லை. நெல்லைச் சீமையில் உட்கார்ந்துகொண்டு மணியை ‘மற்றவை’ என்று பதிவு செய்தேன்.

அடுத்தது தூரம். ‘உங்களுக்கு மிக அருகில்’ என்று வண்ணார்பேட்டைக்காரர் ஒருவரைக் காட்டி, 800 மீட்டர் என்றது. உண்மைதான், ஆற்றுக்கு மேலே காக்கை பறந்தால் அவ்வளவுதான் இருக்கும். நாய் நீந்திப் போகும் என்று நினைத்துவிட்டார்கள் போல. 1843-லேயே சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுப் பாலம் கட்டிக் கொடுத்துவிட்டார். செயலிக்கு மட்டும் அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. ஜங்ஷன் நெரிசலில் புகுந்து, பாலம் ஏறி, கொக்கிரகுளம் வழியாகச் சுற்றினால்தான் அந்த 800 மீட்டர் தெரியும்.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். நம்பிக்கை என்று வரும்போதுதான் விஷயம் இருக்கிறது.

ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே பச்சை நிறத்தில் ஒரு ‘சரிபார்க்கப்பட்டவர்’ குறி. ஆதாரைப் பார்த்துப் போடுகிறார்கள். ஆள் பெயர் மாற்றிச் சொல்லவில்லை என்பதற்கு அது சாட்சி, சரி. ராத்திரி இரண்டு மணிக்கு நாய் முனகினால் எழுந்து பார்ப்பாரா என்பதை ஆதார் சொல்லுமா? நான் அந்தப் பச்சைக் குறியையும் 4.9 நட்சத்திரத்தையும் பார்த்து ஒரு பையனிடம் மூன்று நாள் விட்டேன். வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

தினமும் மூன்று படம் அனுப்ப வேண்டும் என்பது செயலியின் விதி. காலை, மதியம், சாயங்காலம் என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி கோயம்புத்தூரில் கொழுந்தியா வீட்டில் சும்மா படுத்துக்கொண்டு மூன்று படங்களையும் அடுத்தடுத்துத் தள்ளிப் பார்த்தேன். மணி ஒன்றில் நிற்கிறான், ஒன்றில் உட்கார்ந்திருக்கிறான், ஒன்றில் படுத்திருக்கிறான். ஆனால் திண்ணைக் கிராதியின் நிழல் மூன்றிலும் தரையில் ஒரே கோட்டில் விழுந்திருந்தது. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகூட மூன்றிலும் அதே இடத்தில். காலையில் ஒரே மூச்சில் எடுத்து வைத்துக்கொண்டு, பொழுதைப் பிரித்து அனுப்பியிருக்கிறான். படத்தை அந்த நேரத்தில் கேமராவில்தான் எடுக்க வேண்டும், போனில் ஏற்கெனவே கிடப்பதைப் போடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

வீட்டுக்கு வந்தால் மணி வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறான். கேட்டதற்குப் பையன், “எலும்பெல்லாம் தெரியுதுன்னு பாவப்பட்டு புரோட்டா சால்னா வாங்கிப் போட்டேன்ணே” என்றான். சிப்பிப்பாறை முயல் விரட்டப் பிறந்த நாய். மூன்று விலா எலும்பு வெளியே தெரிந்தால்தான் அது ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். சால்னாவிலோ பாதி வெங்காயம். பச்சையாகவோ வேகவைத்தோ, வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈறு வெளுக்கிறதா, மூத்திரம் சிவந்து போகிறதா என்று நாலைந்து நாள் பார்க்கச் சொன்னார் டாக்டர். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. செயலியில் இருந்த ‘அவசர உதவி’ப் பொத்தானை அழுத்தியதற்கு, எந்த ஊரிலோ இருந்து ஒருவர் இந்தியில் ஆறுதல் சொன்னார்.

பையனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். நாயைப் பற்றித் தெரியாதவன், அவ்வளவுதான். செயலி அவனிடம் அதைக் கேட்கவே இல்லையே.

இரண்டு மாதம் அதைத் திறக்கவில்லை. அப்புறம் வேறு வழியில்லாமல் தேடியபோது தியாகராஜநகரில் ஒரு அக்கா கிடைத்தார். படம் மங்கல், வெறும் இரண்டு மதிப்புரை. நேரில் பார்க்கலாம் என்று மணியையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் என்னென்னவோ கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, இடி இடிச்சா இவன் என்ன செய்வான்? ராத்திரி எங்க படுப்பான்? உண்ணி மருந்து கடைசியா எப்ப போட்டிய? வெறிநாய் ஊசி இந்த வருசம் ஆச்சா? ஓடுற சாதியாச்சே, உங்க வீட்டு கேட்டுல கொண்டி சரியா விழுமா?”

பேசிக்கொண்டே அவர் மணியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையை மட்டும் பக்கவாட்டில் தொங்க விட்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து மணி தானே போய் அந்தக் கையை மோந்து பார்த்தான். அந்தப் பத்து நிமிடத்துக்குச் செயலியில் எங்கேயும் இடமில்லை. முன்பதிவுக்கு முன்னால் ஒரு சந்திப்பு என்பதைக் கட்டாயமாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். பார்த்துக்கொள்பவர் நம்மிடம் கேட்க நாலு கேள்விக்கு இடம் கொடுத்தால் மீதியும் தீரும். யார் என்ன கேட்கிறார் என்பதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

அக்காவுக்குச் செயலியோடு பெரிய மல்லுக்கட்டு. எல்லாம் ஆங்கிலம். எந்தப் பொத்தான் எதற்கு என்று அவருடைய மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் சொல்ல வேண்டும். செய்தி தட்டவும் வராது, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிடுவார்: “தயிர்ச்சோறு தின்னுட்டான் தம்பி, இப்ப வாசல்ல படுத்துக்கிட்டு ஆட்டோவ எண்ணிக்கிட்டு இருக்கான்.” பின்னால் மணி மூச்சிரைப்பது கேட்கும். முப்பது படத்துக்கு அந்த ஒரு பதிவு சமம்.

வாட்ஸ்அப் நம்பர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். செயலி இரண்டு பேருடைய நம்பரையும் மறைத்துத்தான் வைக்கிறது. ஒரு நாளைக்கு நான் கொடுக்கும் 450 ரூபாயில் நூற்றுக்கு இருபதை அது எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது தடவையே அக்கா, “இனி நேரா கூப்பிட்டுருங்க தம்பி” என்றார். கூப்பிட்டேன். கல்யாணம் முடிந்த பிறகு தரகரை யார் தேடுகிறார்கள்? தரகருக்காவது முதலிலேயே ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவோம். இவர்களும் அப்படி ஒருமுறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் நேரடியாகப் போனதில் எனக்கும் நஷ்டம் உண்டு. ஏதாவது ஆனால் சிகிச்சைச் செலவில் ஒரு பங்கு தருவதாகச் செயலி சொல்லும் உத்தரவாதம் இப்போது எனக்குக் கிடையாது. அதைவிட, அக்காவுடைய பக்கத்தில் இன்னமும் அதே இரண்டு மதிப்புரைதான். அவர் எத்தனை நாயைப் பார்த்துக்கொண்டாலும் அங்கே புதிய ஆள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனுக்கு நான் போட்டது ஐந்து நட்சத்திரம். அவனுடைய அம்மாவை வாரம் ஒருமுறையாவது காய்கறிக் கடையில் பார்க்க வேண்டியிருக்கிறது. மதிப்புரையில் என் பெயரும் படமும் போடுகிறது செயலி. சின்ன ஊரில் பெயரைப் போட்டுக்கொண்டு இரண்டு நட்சத்திரம் போட யாருக்குத் துணிச்சல் வரும்? அவனுடைய 4.9-ம் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். மாற்றலாம் என்று பின்னால் போய்ப் பார்த்தேன். பதினான்கு நாள் தாண்டினால் மாற்ற முடியாதாம்.

போன வாரம் செயலியில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து செய்தி. கே.டி.சி. நகராம். “சார், இந்தப் பையனுக்கு நீங்க அஞ்சு ஸ்டார் போட்டிருக்கீங்க. எங்க பூனைய நம்பி விடலாமா?”

மூன்று தடவை தட்டி மூன்று தடவை அழித்தேன். கடைசியில் அக்காவின் நம்பரை அனுப்பிவிட்டு, முதலில் பூனையைத் தூக்கிக்கொண்டு நேரில் ஒருதடவை போய் வாருங்கள் என்று எழுதினேன். நம்பரை மட்டும் செயலி நட்சத்திரக் குறிகளாக மாற்றி மறைத்துவிட்டது. அப்புறம் எண்களை எழுத்தில், ஒன்பது எட்டு என்று, தமிழில் தட்டி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்துவிட்டது.