டெசிடபின் பொடி: எம்எல்எச்1 மரபணுவை எழுப்பியது

டிஎன்ஏவில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஏறி அடங்கிப்போன மரபணுவை மறுபடி இயங்க வைக்க, எங்கள் ஆய்வகத்தில் முதலில் எடுப்பது டெசிடபின் என்ற மருந்தைத்தான். 5 மில்லிகிராம் குப்பி வாங்கினோம். பொடி மூடியில் ஒட்டியிருந்ததால் சுழற்றி இறக்கிவிட்டுத்தான் திறக்க முடிந்தது.

ஆர்கேஓ என்ற பெருங்குடல் புற்றுநோய் செல்களில் சோதித்தோம். டிஎன்ஏ பிழைகளைத் திருத்த உதவும் எம்எல்எச்1 மரபணு அவற்றில் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் நிறைந்திருப்பதால் புரதம் வருவதில்லை. 1 மைக்ரோமோலார் மருந்தைத் தினமும் புது மீடியாவில் (செல் வளர்க்கும் திரவம்) கொடுத்து, அப்புறம் புரதம் இருக்கிறதா என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட் போட்டோம். மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும் கொடுத்த செல்களில் ஒன்றுமில்லை. மருந்து கொடுத்தவற்றில் எம்எல்எச்1 புரதத்தின் எடையான 85 கிலோடால்டன் அருகே பட்டை தெளிவாக விழுந்தது. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. செல் பிரியும்போது டிஎன்ஏவின் புது இழையில், அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினுக்குப் பதிலாக டெசிடபின் போய் உட்காருகிறது. பழைய இழையைப் பார்த்துப் புது இழையில் மெத்தில் போட வரும் டிஎன்எம்டி1 நொதி அதைப் பிடிக்கிறது. ஆனால் வளையத்தின் ஐந்தாம் இடத்தில் கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் இருப்பதால் விடுபட முடியாமல், தூண்டில் விழுங்கிய மீன்போல மாட்டிக்கொள்கிறது. பிறகு செல்லே அந்த நொதியைச் சிதைத்துவிடும். ஒவ்வொரு பிரிவிலும் மெத்தில் குறைந்துகொண்டே போகும்.

அதனால் தட்டு நிரம்பி, பிரியாமல் நிற்கும் செல்களில் கொடுத்துப் பயனில்லை. அளவைக் கூட்டினாலும் பலன் கூடாது, செல்கள்தான் சாகும். தண்ணீரில் கரைத்து வைக்காதீர்கள், சிதைந்துவிடும். டிஎம்எஸ்ஓவில் கரைத்து, சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறைய வையுங்கள். ரத்தநோய்க்குக் கொடுக்கும் செல் நச்சு மருந்து இது, கையுறை கட்டாயம்.

குறையும் உண்டு. எம்எல்எச்1 மட்டுமல்ல, மரபணுத்தொகுதி முழுக்க மெத்தில் குறைகிறது, டிஎன்ஏவும் சேதமாகிறது. ஆகவே இந்த ஒரு சோதனையை வைத்து மெத்தில்தான் காரணம் என்று எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிஎன்ஏவில் எங்கெங்கே மெத்தில் இருக்கிறது என்று காட்டும் பைசல்பைட் வரிசைப்படுத்தலும் சேர்த்துக் காட்ட வேண்டும். பணம் இருந்தால் ஜிஎஸ்கே3685032 என்ற இன்னொரு வேதிப்பொருளை வாங்கிப் பாருங்கள். அது டிஎன்எம்டி1 நொதியை மட்டும், டிஎன்ஏவில் சிக்கவைக்காமல் தடுக்கிறது.