கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா: மூச்சுக்கு எது நல்லது?

கேஸ் அடுப்பின் நீலச் சுடர் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி வீங்க வைக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இழுப்பு அதிகமாகும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதன் ஆண்டு சராசரி வரம்பை, ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. ஜன்னல் சாத்திய சின்னச் சமையலறையில் இரண்டு பர்னர் எரிந்தாலே அளவு மளமளவென ஏறும்.

இண்டக்‌ஷனில் சுடரே இல்லை; பாத்திரத்தின் அடிதான் சூடாகிறது. அதனால் சமைக்கும்போது இந்த வாயு உருவாவதில்லை. எண்ணெய் காயும் புகை மட்டும் இரண்டிலும் உண்டு.

வீட்டில் ஆஸ்துமா இருந்தால் யோசிக்காமல் இண்டக்‌ஷன் என்பேன். கேஸ்தான் வழியென்றால், சரி, பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள்; அணைத்த பிறகும் சற்று நேரம் ஓடட்டும்.