சமையலறைத் தராசு: எடை குறைக்க விரும்பும் வீட்டுக்கு எவ்வளவு பயன்?

எடை குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களின் வீட்டுக்குள் முதலில் நுழைவது பெரும்பாலும் பச்சைத் தேநீர்ப் பெட்டியோ, உணவுக்குப் பதிலாகக் கலக்கிக் குடிக்கச் சொல்லும் பொடி டப்பாவோதான். அந்தப் பொடிக்கு ஒரு மாதம் ஆகும் செலவைவிடக் குறைவாக, சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் டிஜிட்டல் சமையலறைத் தராசை அந்தக் கோணத்தில் யாரும் பார்ப்பதில்லை. கேக் செய்பவர்களுக்கான பொருளாக அறியப்பட்ட இந்தத் தராசு, அன்றாடச் சமையலில் எவ்வளவு பயன்படுகிறது என்பதே இந்த மதிப்பீடு. சந்தையில் பல பெயர்களில் விற்றாலும் 5 கிலோ வரை தாங்கி, 1 கிராம் துல்லியம் காட்டும் சாதாரண ரகங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றேயாதலால், எந்தத் தயாரிப்பின் பெயரையும் குறிப்பிடவில்லை.

வாங்கியவுடன் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பத்து ரூபாய் நாணயங்கள் பத்தை அடுக்கி வைத்தால் ஏறத்தாழ 77 கிராம் காட்ட வேண்டும். நான் பயன்படுத்தும் தராசு இந்தச் சோதனையில் தேறியது.

எவ்வளவு உண்ண வேண்டும் என்பதைத் தராசு சொல்லாது; அதற்கு ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் போதுமானவை. நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, சமைக்காத நிலையில், தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, மாமிசம் ஆகியவை சேர்ந்து 85 கிராம், கீரை உட்படக் காய்கள் 400 கிராம், பழம் 100 கிராம், எண்ணெய் 27 கிராம் என்ற அளவில் அதன் பரிந்துரை அமைகிறது. தலைதட்டி அளந்த ஒரு டம்ளர் அரிசிக்கும் கூம்பாக அள்ளிய அதே டம்ளருக்கும் ஏறத்தாழ 40 கிராம் வேறுபாடு இருப்பதைத் தராசில் வைத்தபோதுதான் கண்டேன். அது 140 கிலோ கலோரி. சோற்றை எடைபோடுவதைவிட அரிசியை எடைபோடுவதே சரி. வடித்த சோறும் குக்கர் சோறும் நீரை ஒரே அளவில் ஏற்பதில்லை என்பதால், சோற்றின் எடையை வைத்துக் கணக்கிட்டால் கணக்கு தவறிவிடும்.

ஆயினும் இந்தத் தராசு எங்கள் வீட்டில் வெளிப்படுத்திய பெரிய குறை சோற்றின் மிகுதியன்று, காயின் பற்றாக்குறை. நால்வர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் காய் வேண்டும். காலையில் சட்னி, மதியம் சாம்பாரில் நான்கு முருங்கைத் துண்டு, கால் கிலோ பீன்ஸில் ஒரு பொரியல், இரவில் தோசை என்று நடக்கும் சமையலில் அதில் பாதியைக்கூட எட்ட முடிவதில்லை. கடையில் நிறுத்து வாங்கிய எடையை அப்படியே கணக்கில் எழுதவும் முடியாது. வாழைப்பூவையும் பலாக்காயையும் சுத்தம் செய்த பிறகு நிறுத்துப் பார்த்தால், கழிவாகப் போனது எவ்வளவு என்று தெரியும். காயைக் கூட்டினால் சோறு தானாகக் குறைகிறது. தட்டில் இருப்பதைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைகளைக் காட்டிலும் இது நடைமுறைக்கு எளிது என்பது என் கருத்து.

எண்ணெய்க்குத் தினமும் அளக்கத் தேவையில்லை. எண்ணெய்த் தூக்கை மாதத் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் நிறுத்து, இடையில் ஊற்றியதைக் கூட்டிக்கொண்டால் போதும். மேற்சொன்ன அளவின்படி நால்வருக்கு மாதம் 3240 கிராம், அதாவது சுமார் மூன்றரை லிட்டர். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்தத் தராசுகளில் மில்லிலிட்டர் காட்டும் வசதி தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 910 கிராம்தான் என்பதால், எண்ணெய்க்கு அந்த வசதியைப் பயன்படுத்தக் கூடாது.

குறைகளும் உண்டு. ஓரிரு நிமிடம் தொடாமல் விட்டால் தராசு தானாக அணைந்துவிடுகிறது. பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டுக் காயை நறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கும்போது இப்படி நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அகலமான தட்டை வைத்தால் திரை மறைந்துவிடுகிறது. இரண்டு, மூன்று கிராமுக்குக் குறைவானதைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டால் எண் நகர்வதே இல்லை. ஆகவே, நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டிய உப்பை இதில் அளக்க இயலாது. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே வைப்பது உள்ளிருக்கும் உணரிக்குக் கேடு.

நம் வீடுகளில் பரிமாறும்போது அளப்பது கஞ்சத்தனமாகவே பார்க்கப்படும். அதில் நியாயமும் உண்டு. எனவே அளப்பதெல்லாம் அரிசி களையும்போதும் காய் நறுக்கும்போதும் முடிந்துவிட வேண்டும். விருந்தாளி வந்திருக்கும் நாளில் தராசு அலமாரியிலேயே இருக்கட்டும். வளரும் பிள்ளைகளின் தட்டை எடைபோடுவதையும், உணவைப் பற்றி ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கவலைப்படுபவர்கள் இதை வாங்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றளவைத் திடீரென்று குறைக்கக் கூடாது.

வாங்குவதாயின், திரை முன்புறம் சற்றுத் தள்ளியிருப்பதும், பொத்தான் பேட்டரிக்குப் பதிலாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவது போன்ற எங்கும் கிடைக்கும் பேட்டரியில் இயங்குவதும், ஈரத்துணியால் துடைக்கத் தக்க சமதள மேற்பரப்பு உடையதுமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கைப்பேசியோடு இணைந்து கலோரிக் கணக்குக் காட்டும் விலையுயர்ந்த ரகங்கள் இந்த வேலைக்குத் தேவையில்லை.