1.1 நார்மல்தானே?

இந்த முறை மதுரைக்குப் போனால் அம்மாவுக்குக் கிட்னி டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்று லண்டனிலேயே முடிவு செய்திருந்தேன். அவருக்கு வயது 68, பத்து வருடமாகச் சர்க்கரை. காலை ஆறரைக்கெல்லாம் லேப் பையன் அண்ணாநகர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரோடு நின்றான். மத்தியானமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். இந்த வேகம் லண்டனில் எனக்குக் கிடைத்ததில்லை.

ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு 1.1. நார்மல் அளவு 0.6 முதல் 1.1 வரை என்று பக்கத்தில் போட்டிருந்தது. "பார்த்தியாடா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் அம்மா. எனக்கோ குழப்பம். லண்டன் ரிப்போர்ட்டில் எனக்கு 80 என்று வரும். அப்புறம்தான் உறைத்தது: அங்கே மைக்ரோமோல் கணக்கு, இங்கே மில்லிகிராம் கணக்கு. 88.4-ஆல் பெருக்கினால் அம்மாவுடையது 97.

கிட்னி பேக்கேஜ் என்று பெயர்தான் பெரிசு. யூரியா, யூரிக் ஆசிட் எல்லாம் இருந்தது, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். இல்லை, யூரின் டெஸ்டும் இல்லை. கேட்டதற்கு, "டாக்டர் எழுதினாத்தான் சார்" என்றார்கள்.

கே.கே.நகர் டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதை வெளியேற்றுவது கிட்னி. ஒல்லியான வயதானவர்களுக்குத் தசை குறைவு, அதனால் கிட்னி தளர்ந்தாலும் அந்த எண் அவ்வளவாக ஏறாது. வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் இ.ஜி.எஃப்.ஆர். அம்மாவுக்கு 55 வந்தது. அதே 1.1 முப்பது வயது ஆணுக்கு வந்திருந்தால் 90-க்கு மேல் இருக்குமாம்!

ஆனால் 60-க்குக் கீழே ஒருமுறை வந்ததை வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது, மூன்று மாதமாவது அப்படியே நீடிக்க வேண்டும் என்றார். "முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டீங்கம்மா?" அம்மா என்னைப் பார்த்தார். நான் வந்த சந்தோஷத்தில் சிம்மக்கல் பக்கம் போய்க் கறிதோசை சாப்பிட்டிருந்தோம். சமைத்த கறி கிரியேட்டினினைக் கொஞ்ச நேரத்துக்கு ஏற்றிக் காட்டுமாம்.

யூரினில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் பார்க்கவும் எழுதிக் கொடுத்தார். சர்க்கரைக்காரர்களுக்குக் கிட்னி பழுது பல சமயம் முதலில் அதில்தான் தெரியும். 30-க்குக் கீழே இருந்தால் சரி, அம்மாவுக்கு 22.

அடுத்த டெஸ்டுக்கு நான் ஊரில் இருக்க மாட்டேன். அடுக்களைக் காலண்டரில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியை வட்டமிட்டு, "ரத்தம், யூரின் ரெண்டும்" என்று எழுதினேன். அதற்கு முந்தின நாளில் "கறி கிடையாது" என்று அம்மாவே எழுதிக்கொண்டார்.