எல்லை மீறும் தொடர்கள்: ஒரு மரபுத்தொடர் செயலியின் மதிப்புரை

ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் பொருள் தரும் இந்தக் கைப்பேசிச் செயலி, ‘கிராஸ் த லைன்’ என்பதற்கு ‘வரம்பு மீறுதல்’ என்று பொருத்தமாகவே பொருள் கூறி, கேலி அவமதிப்பாக மாறும் இடத்தை எடுத்துக்காட்டு வாக்கியத்தால் தெளிவாக்குகிறது. ஆனால் ‘கிராஸ் த ரூபிகான்’ என்பதற்கும் அதே பொருளைத் தந்திருப்பது பெரும் பிழை. கி.மு. 49இல் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் படையுடன் ரூபிகான் ஆற்றைக் கடந்து இத்தாலிக்குள் நுழைந்ததும் உள்நாட்டுப் போர் மூண்டது என்பதால், அத்தொடர் பண்புக் குறைவை அன்று, திரும்பிச் செல்ல இயலாத முடிவையே குறிக்கும். அது பழிச்சொல்லாக இருக்க வேண்டியதும் இல்லை. ஒலிப்புப் பதிவுகள் நன்று. விளம்பரங்கள்தாம் (வரம்பு மீறலுக்கு அவையே தக்க எடுத்துக்காட்டு) எரிச்சலூட்டுகின்றன. கட்டணப் பதிப்பில் விளம்பரமின்மையைத் தவிர வேறு கூடுதல் வசதி இல்லாததால், மாணவர்களுக்கு இலவசப் பதிப்பே போதும்.