ஹூஸ்டனில் கடனுக்குக் கார் வாங்கப் போகும் மாணவர்களுக்கு

ஆகஸ்டில் ஹூஸ்டனுக்குப் படிக்க வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கார் பார்க்கக் கிளம்புங்கள்.

இந்த ஊரில் கார் இல்லாவிட்டால் அரிசி மூட்டை வாங்குவதற்குக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டும். ஓர் ஆண்டு கெஞ்சினேன். பல்கலைக்கழக வளாகத்திலேயே வாரம் 20 மணி நேர வேலை. அதில் மிச்சம் பிடித்த 2,000 டாலர் கையில் இருந்தது. கிரெடிட் கார்டு வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கணக்குத் திறந்து ஆறு மாதமாவது ஆகாமல், கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பார்க்கும் FICO கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்று காட்டும் மதிப்பெண்) வராது. எந்த வங்கி நம்மை மதிக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன், கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மேல் மாடியில் குடியிருந்த அண்ணா ஒருவர், "எனக்குத் தெரிந்த இடம், மாணவர்களுக்குத் தட்டாமல் கொடுப்பார்கள்" என்று தன் காரிலேயே அழைத்துப் போனார். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

விற்பனையாளர் காரின் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று மட்டும் கேட்டார். 240 என்றேன். கணினியில் ஏதோ தட்டிவிட்டு, 237 என்றார். மூன்று டாலர் லாபம் என்று மகிழ்ந்தவன் நான். முன்பணம் போகக் கடன் 9,000 டாலர், வட்டி 12 சதவீதம், 48 மாதம். பத்துப் பன்னிரண்டு தாள்களில் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை வீடியோவில் காரைச் சுற்றிக் காட்டியபோது, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயா என்றாள் அம்மா.

பதினோராம் நாள் விற்பனையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. கடன் நிறுவனம் மறுத்துவிட்டதாம். வந்து புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம், இல்லையென்றால் காரை விட்டுவிட வேண்டுமாம். புதிய தாளில் வட்டி 24 சதவீதம், தவணை 293. "ஐம்பத்தாறு டாலர்தானே கூடுதல்" என்றார். 48 மாதத்துக்கு அது 2,688 டாலர். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஓட்டிய நாட்களுக்குக் கழித்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்றார். காப்பீட்டுக்கு வேறு பணம் கட்டியிருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பிறகுதான் மாணவர்களுக்கான இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன். இந்த வித்தைக்கு 'யோ-யோ' என்று பெயரே இருக்கிறது. கயிற்றில் கட்டிய உருளை போலக் காரைக் கொடுத்து இழுப்பது. நான் படிக்காமல் போட்ட கையெழுத்துகளில் ஒன்று, கடன் உறுதியாகாவிட்டால் விற்பனை செல்லாது என்ற தாளில் இருந்தது. ஆனால் கடனை மறுத்தவர், விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் பொதுவாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு கடிதம் எனக்கு இன்றுவரை வரவில்லை. "இரண்டாவது ஒப்பந்தத்துக்கு முன்பு வந்திருக்கலாமே" என்றார் வழக்கறிஞர். மூன்று நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். விற்பனை வளாகத்தில் வாங்கிய காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி ஒட்டியிருக்கிறது. தவணை தேதி நெருங்கினால் பீப் பீப் என்று கத்தும். கட்டாவிட்டால் வண்டி கிளம்பாது. ஊரில் கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பான். இவன் காருக்குள்ளேயே குடியிருக்கிறான்.

கூட்டுறவுக் கடன் சங்கங்கள் (கிரெடிட் யூனியன்) பலவற்றில் முதல்முறை கார் வாங்குபவர்களுக்கென்றே திட்டம் உண்டு. முதலில் அங்கே போய்க் கடனை உறுதி செய்துகொண்டு கார் பாருங்கள். மாதத் தவணையைச் சொல்லாதீர்கள். மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கடன் முடிவாகும் வரை சாவியைத் தொடாதீர்கள்.

சென்ற வாரம் அந்த விற்பனையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. புது மாணவர்கள் வரும் நேரமாயிற்றே, யாரையாவது அழைத்து வாருங்கள், தலைக்கு 200 டாலர் தருகிறேன் என்று. மேல் மாடி அண்ணா பெட்ரோல் காசு வாங்காதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.