ஃப்ளோசார்ட்டா, யூஎம்எல்லா, பிபிஎம்என்னா? ஒரே நடைமுறையை மூன்று விதமாக வரைந்து பார்த்ததில்

ஒரு கொள்முதல் நடைமுறையை மென்பொருளாக்கும் வேலை. தேவைகளை முப்பது பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தோம். யாரும் எதையும் மறுக்கவில்லை. யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் அதையே படமாக மூன்று விதத்தில் வரைந்தேன்: ஃப்ளோசார்ட், மென்பொருள் வடிவமைப்புக்கான வரைபட மொழி யூஎம்எல், வணிக நடைமுறைகளை வரைவதற்கென்றே உள்ள குறிமுறை பிபிஎம்என். பிபிஎம்என்தான் நிலைத்தது. என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

ஃப்ளோசார்ட்டை விளக்கவே வேண்டாம். பெட்டி, வைரம், அம்பு. யார் எந்த வேலையைச் செய்கிறார் என்று கோடு போட்டுப் பிரித்தால் அது ஸ்விம்லேன். முதல் கூட்டத்தில் வெள்ளைப் பலகையில் வரைய இதைவிட நல்லது இல்லை.

யூஎம்எல்லில் வேலைகளின் வரிசையைக் காட்டும் ஆக்டிவிட்டி டயகிராம் நிரலாளர்களுக்குப் பழகியது. 1997-இல் ஓஎம்ஜி என்ற தரநிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட மொழி. ஆனால் ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளைக் காட்டும் தடித்த கோட்டை ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்குப் பிரிவினருக்கு விளக்க வேண்டியிருந்தது.

பிபிஎம்என் 2004-இல் வந்தது. இப்போது புழங்கும் 2.0 பதிப்பு 2011-இல். அதன் விவரக் குறிப்பு 500 பக்கத்தைத் தாண்டும். பயப்பட வேண்டாம், எனக்குத் தேவைப்பட்டவை பத்துப் பன்னிரண்டு குறிகள்தான். அவற்றில் இரண்டு, எழுத்தில் விட்டுப்போன தேவைகளை வெளியே கொண்டுவந்தன. ஒன்று டைமர். ஒப்புதல் பெட்டியின் ஓரத்தில் அந்தக் கடிகாரக் குறியை வைத்ததும், "மேலாளர் மூன்று நாள் பதில் சொல்லாவிட்டால்?" என்ற கேள்வி எழுந்தது. முப்பது பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. இன்னொன்று பூல், அதாவது ஒரு தரப்பின் வேலைகளை அடைக்கும் பெரிய கட்டம். விற்பனையாளருக்குத் தனி பூல் போட்டால் சாதாரண அம்பு அதன் எல்லையைத் தாண்டக் கூடாது. செய்தியைக் காட்டும் விட்டுவிட்டு வரும் கோடுதான் போகலாம். அப்படியானால் அந்தச் செய்தி மின்னஞ்சலா, தொலைபேசியா, யார் அனுப்புவது? படமே கேட்டுவிட்டது.

ஆனாலும் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வரையும்போது மூன்றுமே அழகாக இருக்கும். ஆறு மாதம் கழித்து விதி மாறும்போதுதான் வித்தியாசம் தெரியும். எங்கள் ஃப்ளோசார்ட்டில் ஒப்புதல் வரம்புகள் முடிவைக் காட்டும் வைரங்களுக்குள் இருந்தன: இந்தத் தொகைக்கு மேல் துறைத் தலைவர், அதற்கும் மேல் நிதிப் பிரிவு. வரம்பு மாறியதும் தொகையைத் திருத்தினால் போதவில்லை. ஒரு படிநிலை கூடியதால் அம்புகளையெல்லாம் இழுத்து மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் முறை யாரும் திருத்தவில்லை. அன்றிலிருந்து அந்தப் படத்தை யாரும் நம்பவும் இல்லை.

பிபிஎம்என்னில் அந்த வைரக் கூட்டத்துக்குப் பதில் 'ஒப்புதலாளரைத் தீர்மானி' என்று ஒரே ஒரு விதிப் பெட்டி வைத்தேன். விதிகள் தனி முடிவு அட்டவணைக்குப் போயின. அதற்கென்றே டிஎம்என் என்ற தரநிலையும் உண்டு. வரம்பு மாறினால் அட்டவணையில் ஒரு வரி மாறும், படம் அப்படியே இருக்கும். ஃப்ளோசார்ட்டோடும் அட்டவணை வைக்கலாமே என்றால், வைக்கலாம்தான். ஆனால் அதற்கென்று ஒரு குறி இருக்கும்போது பிரித்து வைக்கும் பழக்கம் தானாக வருகிறது. தவிர, கோப்பு எக்ஸ்எம்எல் என்ற பொதுவான வடிவில் சேமிக்கப்படுவதால் ஒரு கருவியில் வரைந்ததை இன்னொன்றில் திறந்து திருத்த முடிந்தது.

ஒரு விஷயத்தில் யூஎம்எல்தான் மேல். பிளான்ட்யூஎம்எல் என்ற கருவியில் படத்தை எழுத்தாகவே எழுதுவதால் எந்த வரி மாறியது என்று, கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) மென்பொருளில் தெளிவாகத் தெரியும். பிபிஎம்என் கோப்பில் பெட்டிகளின் இடமும் பதிவாவதால், ஒரு பெட்டியைச் சற்று நகர்த்தினாலே வித்தியாசம் காட்டும். படத்தை நிரலாளர்கள் மட்டுமே தொடுவார்கள் என்றால் யூஎம்எல்லையே எடுங்கள்.

பிபிஎம்என் படத்தை, அதை அப்படியே இயக்கும் மென்பொருளான இன்ஜினில் ஏற்றி நேரடியாக ஓட்டுவதைச் சோதனையாக மட்டுமே செய்திருக்கிறேன். நிஜச் சுமையில் எப்படி என்பதில் என் சொல்லுக்கு எடை குறைவு. தேவைகளைத் தெளிவாக்க என்றால் தயங்காமல் சொல்வேன்: முதல் கூட்டம் பலகையில் ஃப்ளோசார்ட்டாகவே நடக்கட்டும். யார் எவ்வளவு நாள் காத்திருப்பது என்ற பேச்சு வந்ததும் பிபிஎம்என்னுக்கு மாறுங்கள்.